பதினாறு சொட்டு

அவர் யாரையும் முதலில் முகத்தில் பார்த்து நான் கண்டதில்லை. விரல்களைத்தான் பார்ப்பார். மளிகைக்காரர் தராசைத் தூக்கும்போது நகக்கண்ணில் மஞ்சள் ஒட்டியிருக்கிறதா, மிட்டாய்க்காரர் சில்லறை கொடுக்கும்போது உள்ளங்கை ரேகையில் ரோஸ் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். அதற்குள் எதிரில் நிற்பவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் விரல்களையும் பார்த்தார். கார்பன் தாளின் நீலம் ஒட்டியிருந்தது. "இது பரவால்ல" என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன வெல்லத்தில் சாயம் கலக்கிறவளா?

அவர் நகராட்சி சுகாதாரப் பிரிவில் உணவு ஆய்வாளர். எந்த நகராட்சி என்பது வேண்டாம். தஞ்சாவூருக்குக் கிழக்கே, ஆற்றங்கரையில், ஒரு கோயிலும் இரண்டு சினிமாக் கொட்டகையும் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே டைப்பிஸ்ட். வலங்கைமான் பக்கத்தில் நாற்று பறித்து நடவு நட்ட குடும்பம். எங்கள் தெருவிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போன முதல் ஆள் நான்தான். கழக ஆட்சி வந்து, ஆபீஸ் கடிதமெல்லாம் தமிழில் போக வேண்டும் என்று ஆணை போட்டு, புதிதாகத் தமிழ் டைப்ரைட்டர் வந்து இறங்கியிருந்த சமயம். அதை அடிக்க ஆள் இல்லாததால் எனக்கு வேலை கிடைத்தது. அதுவும் தற்காலிகம். ஒரே ஒரு காகிதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்தப் பயம் அவரோடு வேலை பார்த்த இரண்டு வருஷமும் என் பையிலேயே இருந்தது.

பயம் இருக்கிறவர்களுக்குச் சந்தேகமும் சேர்ந்தே இருக்கும். எனக்கு அவர்மேல் முதல் சந்தேகம் தண்ணீரில் தொடங்கியது. ஆபீசில் ஒரு மண்பானை உண்டு. எல்லோரும் அதில்தான் மொண்டு குடிப்போம். அவர் மட்டும் வீட்டிலிருந்து பித்தளைக் கூஜா கொண்டுவருவார். நான் சேர்ந்த பிறகுதான் கூஜா வந்தது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். காபி போட்டுக் கொடுத்தால் "வேணாம்மா" என்பார். சாதி பார்க்கிறார் என்று அன்றைக்கே மனதுக்குள் எழுதி சீல் வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் எங்கள் ஹெட்கிளார்க் வீட்டில் சீமந்தம். ஹெட்கிளார்க் ஐயர். எவர்சில்வர் டப்பாவில் லட்டு கொண்டுவந்து நீட்டினார். இவர் ஒரு லட்டை எடுத்தார். சரிதான், அங்கே மட்டும் கை நீளுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, கூஜாத் தண்ணீரில் ஒரு ஓரத்தை நனைத்து, லட்டை அதில் வைத்துத் தேய்த்தார். மஞ்சளாகக் கறை படிந்தது. முகர்ந்து பார்த்தார்.

"யாரு போட்டது?"

"எங்காத்து மாமிதான் சார்."

"எவ்வளவு போட்டாங்க? எதுக்குப் போட்டாங்க?"

"கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை. பார்க்க லட்சணமா இருக்கட்டுமேன்னு."

"பாக்கெட்டுல முத்திரை இருந்துச்சா?"

ஹெட்கிளார்க் டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் இருவரும் பேசவில்லை. சாதி என்று நான் போட்ட சீல் கொஞ்சம் ஆடியது. ஆனாலும் அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

யார் போட்டது, எவ்வளவு போட்டது, எதற்குப் போட்டது. இந்த மூன்று கேள்வியையும் அவர் எதன்மேலும் கேட்பார். அப்பளத்தின்மேல், ஐஸ் பழத்தின்மேல், மருத்துவர் எழுதிக்கொடுத்த சிரப்பின்மேல். கடைத்தெருவில் அவருக்கு 'மூக்கு' என்று பெயர். "மூக்கு வருது" என்று கோடிக் கடையில் குரல் எழும்பினால் இந்தக் கோடி வரைக்கும் பின்கட்டில் டப்பாக்கள் உருளும். துணிக்குப் போடும் மெட்டனில் என்ற மஞ்சள் சாயத்தைத் துவரம்பருப்பில் தேய்த்து விற்ற காலம் அது. பட்டாணிக்குப் பச்சை ஏற மயில்துத்தம், பாலுக்குப் பார்மலின். இந்தப் பார்மலின் ஆஸ்பத்திரியில் பிணம் கெடாமல் இருக்கப் போடும் மருந்து. இரண்டு சொட்டு விட்டால் கோடை வெயிலிலும் பால் திரியாது. குடிக்கிற பிள்ளைக்குக் குடல் புண்ணாகும்.

அதற்காக அவர் எல்லாவற்றையும் விஷம் என்று கத்துகிறவரும் இல்லை. ஒரு தடவை நானே வாயைக் கொடுத்தேன்.

"சார், அப்போ எதையுமே போடாம இருக்கறதுதான் நல்லதுன்றீங்களா?"

"உப்பு போடாம ஊறுகா இருக்குமா? போடறது குத்தம் இல்லம்மா. எது போடலாம், எவ்வளவு போடலாம்னு சட்டம் இருக்கு. அத மீறிப் போடறதும், போட்டுட்டுச் சொல்லாம இருக்கறதும்தான் குத்தம்."

சொல்லிவிட்டுத் தன் பென்சிலை எடுத்தார். அது காப்பிங் பென்சில். எழுதும்போது கறுப்பாக இருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாகிவிடும், அழிக்க முடியாது. அந்தக் காலத்தில் மற்ற ஆபீஸ்களில் எல்லோரும் அதை நாக்கில் தொட்டுத் தொட்டுத்தான் எழுதுவார்கள். அவர் மட்டும் ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அதில் தொட்டுக்கொள்வார். பியூன் ஒரு நாள் அந்தப் பென்சிலை எடுத்து நாக்கில் வைத்ததைப் பார்த்து, "யோவ், அதுவும் சாயம்தான்யா. உள்ள போனா எங்க போயி ஒட்டும்னு யாருக்குத் தெரியும்?" என்று பிடுங்கிக்கொண்டார்.

மிராசுதார் வீட்டுக் கல்யாணக் கதையையும் சொல்ல வேண்டும். ஊருக்குத் தெற்கே பாதி நிலம் அந்த மிராசுதாருடையது. கல்யாணத்துக்கு நகராட்சியே போயிருந்தது. பந்தியில் கேசரி வைத்ததும் இவர் சட்டைப் பையிலிருந்து சின்ன அமிலக் குப்பியை எடுத்து இலையிலேயே ஒரு சொட்டு விட்டார். கேசரி செக்கச்செவேல் என்று ஆனது. பக்கத்தில் இருந்தவர்கள் இலையைவிட்டு எழுந்துவிட்டார்கள். இவர் நிதானமாகத் தண்ணீரை ஊற்றினார். "மஞ்சத்தூள்னாலும் செவக்கும். தண்ணி விட்டா அந்தச் செவப்பு போயிரும். சாயம்னா போவாது" என்று பாடம் நடத்திக்கொண்டே பார்த்தார். போகவில்லை. சமையற்காரர்மேல் கேஸ் எழுதினார், மிராசுதார் வீட்டு மணமேடைக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு.

இவ்வளவு பார்த்த பிறகாவது நான் அவரை நம்பியிருக்க வேண்டும். நம்பவில்லை. காசு வாங்காத அதிகாரியைக் கண்டால் எனக்கு அப்போதெல்லாம் பயமாக இருக்கும். வேறு ஏதோ பெரிதாக வாங்குகிறார் என்று தோன்றும். கல்யாணம் முடிந்த மறுவாரம் மிராசுதாரின் கார் அவர் வீட்டு வாசலில் நின்றதாகப் பியூன் சொன்னார். ஒரு மூட்டை சீரகச் சம்பா உள்ளே போனதாம். மறுநாள் காலை அந்த மூட்டை இவருடைய சைக்கிள் கேரியரிலேயே பண்ணை வீட்டுக்குத் திரும்பிப் போனதாகவும் அதே பியூன்தான் சொன்னார். முதல் சேதியைக் கேட்டுக்கொண்டேன். இரண்டாவதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பால்கார அக்காவுக்கு வருகிறேன். மிராசுதார் நிலத்தில் ஐந்து மா, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட, குத்தகைக்கு உழுத குடும்பம். புருஷன் பாம்பு கடித்து இறந்த பிறகு அந்த அக்காவே ஏர் பிடித்தது. இரண்டு மாடு வைத்து, காலையில் முதல் பஸ்ஸில் பால் கேனோடு டவுனுக்கு வந்து, டீக்கடைகளுக்கு ஊற்றிவிட்டுத் திரும்பிப் போய் வயலில் இறங்கும். குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யலாம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்தது. செங்கொடிச் சங்கத்துக்காரர்கள் அந்த அக்கா பெயரில் தாசில்தாரிடம் மனுப் போட்டிருந்தார்கள். மிராசுதார் தரப்பில் ஒரே பதில்தான்: பொம்பளையாவது பயிர் செய்வதாவது, அவள் உழவில்லை, நிலம் என் பண்ணையில் இருக்கிறது. ஒரு போகம் அந்த அக்கா வயலில் இறங்காவிட்டால் போதும். நிலம் போய்விடும்.

எங்கள் ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. இன்ன ஊர்ப் பால்காரி பாலில் பார்மலின் விடுகிறாள், டீ குடித்தவர்களுக்கு வயிறு எரிகிறது என்று. கடிதத்தை இவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"பண்ணைக் கணக்குப்புள்ள தாளு. பத்தாயத்து நெல்லு வாசனகூட போவல" என்றார்.

"அப்போ கிழிச்சுப் போட்டுரலாமே சார்."

"எழுதுனவன் அயோக்கியன்ங்கறதுக்காகப் பாலு நல்ல பாலுன்னு ஆயிருமா?"

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் வைத்து மாதிரி எடுத்தார். சட்டப்படி மூன்று சீசா. ஒன்று தஞ்சாவூருக்குச் சோதனைக்குப் போகும், இரண்டு ஆபீஸ் அலமாரியில் இருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பால் சோதனைச்சாலைக்குப் போய்ச் சேர்வதற்குள் திரிந்துவிடும் அல்லவா? அதனால் மாதிரி எடுக்கிற அதிகாரியே ஒவ்வொரு சீசாவிலும் பதினாறு சொட்டு பார்மலின் விட வேண்டும். அதுதான் விதி. விட்டதை மெமோவில் எழுதிவிட வேண்டும். எங்கள் ஆபீஸ் வழக்கத்தில் சீசாவின்மேல் எண் மட்டும்தான் ஒட்டுவோம். விவரமெல்லாம் மெமோவில் போகும். மெமோவை அடிப்பவள் நான்.

பஸ் நிலையத்தில் அந்த அக்கா, இவர் தன் பாலில் எதையோ சொட்டுச் சொட்டாக விடுவதைப் பார்த்துக் கத்தியிருக்கிறது. "என் பாலுல என்னய்யா ஊத்துற?" இவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். யார் கேட்டார்கள்? சங்கத்துக்குச் சேதி போய்விட்டது.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. தண்ணீர் சேர்க்கப்படவில்லை. கொழுப்பு சரியாக இருக்கிறது. பார்மலின் காணப்படுகிறது; உணவுப் பாலில் தடை செய்யப்பட்ட பொருள். சுகாதார அதிகாரி அன்று மாலையே வழக்குப் போட உத்தரவிட்டார். இவர் நான்கு நாள் திருவிழாப் பணியில் வெளியூரில் இருந்தார். திரும்பி வருவதற்குள் கோர்ட்டில் கேஸ் பதிவாகிவிட்டது. நிரூபணமானால் குறைந்தது ஆறு மாதம் ஜெயில். அது ஆடி மாதக் கடைசி. நாற்றங்காலில் சம்பா நாற்று நின்றுகொண்டிருந்தது. ஆறு மாதம் என்றால் நடவும் போச்சு, அறுப்பும் போச்சு, நிலமும் போச்சு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது என்று நினைத்தேன். சீரகச் சம்பா மூட்டை வேலை செய்கிறது. தானே மருந்தை விட்டுவிட்டு, விட்டதை எழுதாமல் மறைத்து, அந்த அக்காவை மாட்டிவிட்டார். இப்படி ஒரு சுத்தமான சதியை நான் கண்டதில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம்கூட எனக்குள் இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சங்கத்து ஆட்களிடம் கொடுக்க ஆதாரம் தேடலாம் என்று மதியச் சாப்பாட்டு வேளையில் கோப்பை எடுத்தேன். மெமோ நகலில், 'பாதுகாப்புக்காகச் சேர்த்த பொருள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று அடித்திருந்தது. அதற்கு முந்திய மெமோவைப் புரட்டினேன். மஞ்சள்தூள் மாதிரி. மஞ்சள்தூள் கெடாது, அதில் ஒன்றும் விட வேண்டியதில்லை. அதனால் அங்கேயும் 'இல்லை'. எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. புது மெமோ அடிக்கும்போது பழைய மெமோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயரையும் பொருளையும் மட்டும் மாற்றி மளமளவென்று அடித்துவிடுவேன். வேகமாக அடிக்கிறேன் என்று ஹெட்கிளார்க் பாராட்டியிருக்கிறார்.

என் டிராயரை இழுத்தேன். இவர் எழுதிக் கொடுத்த டிராப்ட் என் மேஜை டிராயரிலேயே, கார்பன் தாள்களுக்கு அடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில், குறுக்குவாட்டில், பொடி எழுத்தில், காப்பிங் பென்சிலால் எழுதியிருந்தார்: 'பார்ம. 16 சொ. வீதம், நான் விட்டது.'

அவர் எழுதியிருந்தார். நான் படிக்கவில்லை. அவ்வளவுதான் சதி.

அந்த நேரம் பார்த்துச் சுகாதார அதிகாரியின் அறையில் குரல் கேட்டது. பாதிக் கதவு. எல்லாம் காதில் விழும்.

"நான் விட்ட மருந்து சார் அது. அந்தம்மா மேல கேஸே இல்ல."

"அப்போ மெமோல இல்லைன்னு ஏன் இருக்கு? உங்க டிராப்ட்ட எடுத்துட்டு வாங்க. அதுல இருந்தா டைப்பிஸ்ட் தப்புன்னு எழுதி, அந்தப் பொண்ண நிறுத்திட்டு, கேஸ வாபஸ் வாங்கிரலாம். டிராப்ட் இல்லன்னா உங்க தப்பு. கோர்ட்டுல நீங்களே போயி சொல்லிக்குங்க. அப்புறம் உங்க மேல நடவடிக்கை வந்தா என்னைக் கேக்காதீங்க."

நான் டிராப்ட்டை நான்காக மடித்துக் கையில் பொத்திக்கொண்டேன். வியர்வை ஊற்றியது. டிராயரில் திரும்ப வைப்பதா, ரவிக்கைக்குள் செருகுவதா என்று யோசித்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. தங்கை பத்தாவது படிக்கிறாள். நாற்காலி போனால் நான் மறுபடி சேற்றுக்குத்தான் போக வேண்டும். செருகிக்கொண்டேன். எதிரில் அவர் வந்து நின்றார்.

"அந்தப் பாலு டிராப்ட்டு எங்கம்மா?"

"தேடிப் பாத்தேன் சார். காணோம்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல விரலைப் பார்த்தார். நானும் அப்போதுதான் குனிந்து பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஊதாக் கறை. கார்பன் நீலம் இல்லை. ஈரம் பட்ட காப்பிங் பென்சில் ஊதா. அந்த ஆபீசில் அன்றைக்கு அவருடைய பென்சிலைத் தவிர வேறு காப்பிங் பென்சில் கிடையாது.

விரல்களை மடக்கிக்கொண்டேன். டைப்ரைட்டரில் பாதி அடித்த தாள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"சோப்பு போட்டா போவாது. எலுமிச்சம்பழம் வச்சுத் தேயிங்க" என்றார்.

அறைக்குள் திரும்பிப் போய், "டிராப்ட் இல்ல சார். என் தப்புதான்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ஆவணியில் கேஸ் விசாரணைக்கு வந்தது. கோப்பை எடுத்துக்கொண்டு நானும் போக வேண்டியிருந்தது. கோர்ட்டு வாசலில் சங்கத்து ஆட்கள் நாற்பது ஐம்பது பேர். மிராசுதாரின் காரியஸ்தர் வேப்பமரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார். பால்கார அக்கா கூண்டில் ஏறும்போது காலில் சேறு காய்ந்திருந்தது. காலையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்படியே வந்திருக்கிறது. சங்கத்து வக்கீல் இளைஞர். ஆய்வாளர் சாட்சி சொல்ல ஏறியதும், மிராசுதாரையே கூண்டில் ஏற்றியதுபோல் அவரை ஆவேசமாகக் கேட்டார்.

"இந்தப் பாலில் பார்மலினைப் போட்டது யார்?"

"நான்."

"எவ்வளவு போட்டீர்கள்?"

"சீசாவுக்குப் பதினாறு சொட்டு. மூணு சீசாவுலயும்."

"எதற்காகப் போட்டீர்கள்?"

"சோதனைக்குப் போற வரைக்கும் பாலு கெடாம இருக்க. விதியில இருக்கு. அத மெமோவுல குறிக்காம விட்டது என் தப்பு. அந்தம்மா பாலு நல்ல பாலு."

ஆயுசு முழுக்க மற்றவர்களைக் கேட்ட மூன்று கேள்விக்கும் தானே பதில் சொல்லிவிட்டு இறங்கினார். மூன்றுக்கும் உண்மையான பதில். அதற்கு அடுத்து, யாரும் கேட்காத இடத்தில் மெமோவில் விட்டது தன் தப்பு என்று அவர் சேர்த்துச் சொன்னதுதான் பொய். நான் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டிராப்ட் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தது. எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கால் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு எழ இஷ்டமில்லை.

அக்காவை விடுதலை செய்துவிட்டார்கள். வெளியே ஒரே கூச்சல். பார்மலின், விதி, மெமோ இதெல்லாம் வாசலில் நின்றவர்களுக்கு எப்படிப் புரியும்? "நான்தான் ஊத்துனேன்னு கோர்ட்டுலயே ஒத்துக்கிட்டான்" என்பது மட்டும் பரவியது. "மிராசுதார் கைக்கூலி ஒழிக" என்று கோஷம் எழுந்தது. மண்ணை வாரி இறைத்தார்கள். சைக்கிளில் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆற்றுப் பாலத்தில் போனதைப் பார்த்தேன். கடைத்தெருவில் அன்று மாலை சில கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் மிட்டாய் கொடுத்துக்கொண்டார்கள். நல்ல அடர்ந்த ரோஸ் நிறம்.

அவருக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். கடற்கரைப் பக்கம் ஒரு ஊருக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள் மேஜையைக் காலி செய்தார். கூஜா, அமிலக் குப்பி, கறை படிந்த கைக்குட்டைகள், பீங்கான் கிண்ணம். புதுப்பாலில் காபி போட்டுக்கொண்டு போய் வைத்தேன். எடுத்தார். முகர்ந்தார். கீழே வைத்துவிட்டார்.

"என் கைல வாங்கிக் குடிக்க மாட்டீங்கன்னு தெரியும் சார்" என்றேன்.

"யாரு கைலயும் வாங்கிக் குடிக்க மாட்டேன். அது உங்களுக்கே தெரியும்." கூஜாவின் திருகு மூடியை இறுக்கினார். "ஆனா ஒண்ணு. நீங்க அடிச்ச காயிதத்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவகூட நான் படிச்சுப் பாத்ததில்ல. நீட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பாலில் கொழுப்பு இவ்வளவு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"எனக்காக ஏன் சார்..." என்று ஆரம்பித்தேன்.

"டிராப்ட் இருக்குன்னு சொல்லியிருந்தா ஆபீஸ்ல விசாரணை, உங்க விளக்கம், என் விளக்கம்னு தை வரைக்கும் இழுத்துருப்பாங்க. நாத்து நிக்குமா? புரட்டாசிக்குள்ள அந்தம்மா நட்டாவணும்." வாசலில் நின்று ஒருமுறை திரும்பினார். "புதுசா வர்றவர படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

அவர் சொன்ன காரணம் உண்மையா, எனக்கு உறுத்தக் கூடாது என்று கலந்து சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காபியில் ஆடை கட்டிவிட்டது. நானே எடுத்துக் கொட்டினேன்.

தை மாதம், பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். பால்கார அக்கா ஆபீசுக்குள் வந்தது. கையில் தூக்குவாளி. முகமெல்லாம் வெயில். தாசில்தார் ஆபீசில் குத்தகைப் பதிவு அந்த அக்கா பெயருக்கு ஆகிவிட்டதாம். அறுப்பும் நன்றாக முடிந்ததாம். மாடும் கன்று போட்டிருந்தது.

"சீம்பால் கிண்டிக்கிட்டு வந்துருக்கேன் தங்கச்சி. சாப்புடு."

"எனக்கு எதுக்குக்கா?"

"நீதானே காயிதமெல்லாம் அடிக்கிறவ. ஒழுங்கா அடிச்சு அனுப்புனதாலதான அவன் கோர்ட்டுல மாட்டிக்கிட்டான். எந்தப் புண்ணியவதி பெத்த புள்ளயோன்னு தெனமும் நெனச்சுக்குவேன்." தூக்கைத் திறந்து ஒரு துண்டு எடுத்து என் கையில் வைத்தது. "பாவி, என் கண்ணு முன்னாலயே ஊத்துனான். போற எடத்துல நாசமாத்தான் போவான்."

என் கைரேகையில் ஊதா அப்போது சுத்தமாகப் போயிருந்தது. எலுமிச்சம்பழம் வைத்துத்தான் தேய்த்தேன். வெல்லம் போட்டுக் கிண்டிய சீம்பால் வெதுவெதுவென்று இருந்தது. அவர் ஊத்தவில்லை அக்கா, அதாவது ஊத்தினார், ஆனால் அதற்காக இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஹெட்கிளார்க் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். திறந்த வாயில் சீம்பாலைப் போட்டுக்கொண்டேன்.

"நல்லா இருக்கா? ஏலக்கா போட்டேன். வேற ஒண்ணும் போடல."

"நல்லா இருக்குக்கா" என்றேன்.